ஸ்பானரை எடுக்கும் முன்

தாத்தா விட்டுப்போன பிரீமியர் பத்மினியையோ, நம் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ தாங்களே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று மயிலாப்பூரிலும் அடையாறிலும் சில பிள்ளைகள் கிளம்பியிருக்கிறார்கள். பார்க்க மனம் நிறைகிறது. கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறைப் படிக்க முடியாத வண்டிகள் இவை. நாமே துப்புத் துலக்க வேண்டும். அதற்குச் சில வார்த்தைகள்.

1. எதையும் கழற்றுவதற்கு முன் வண்டி எப்போது மக்கர் செய்கிறது என்று எழுதி வையுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? சிக்னலில் நிற்கும்போதா, பாலம் ஏறும்போதா? பாதிக் கோளாறு இந்தக் குறிப்பிலேயே பிடிபட்டுவிடும்.

2. பழைய மெக்கானிக்குகள் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான்: கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா? இரண்டும் வந்தும் ஓடவில்லை என்றால் டைமிங், பிறகு கம்ப்ரெஷன். இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கையில் கார்புரேட்டர் கிட் இருக்கிறது என்பதற்காகக் கார்புரேட்டரைப் பிரிக்கக் கூடாது.

3. என்ஜின் மிஸ்ஸிங் அடித்தால் ஐடிலில் ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் மட்டும், வெறுங்கை கூடாது. கழற்றிய முனையை என்ஜின் உடம்போடு சேர்த்து வையுங்கள், காயில் பிழைக்கும். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் சத்தம் தள்ளாடும். தள்ளாட்டமே இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. உதாரணமாக அது மூன்றாவது என்று வையுங்கள். என்ஜினை நிறுத்தி, மூன்றாவது பிளக்கை இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை மூன்றாவதில் போடுங்கள். கோளாறும் இரண்டாவதுக்குப் போய்விட்டால் குற்றவாளி பிளக். போகவில்லையென்றால் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பாருங்கள். மூடியின் உள்பக்கம் பென்சில் கீற்றுபோல மெல்லிய விரிசல் ஓடும். டார்ச் அடித்துத் தேட வேண்டும். அதுவும் நன்றாக இருந்தால் டாப்பெட் கேப்பும் கம்ப்ரெஷனும். காசு செலவில்லாத சோதனை இது. இதற்கு இணையாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

கழற்றிய பிளக்கின் முனையையும் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு கைடு.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜி.பி. ரோட்டில் பாயிண்ட், கண்டன்சர், காயில், பிளக் எல்லாவற்றையும் அள்ளி வந்து ஒரே நாளில் மாட்டினால் வண்டி ஓடலாம். எது போயிருந்தது என்று கடைசிவரை தெரியாது. புதிதாக வாங்கிய கண்டன்சரே பழுதாக இருப்பதும் உண்டு. ஆகவே ஓடிய பழைய உருப்படியைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வைத்திருங்கள். பாயிண்ட் கேப்பை ஃபீலர் கேஜ் வைத்தே பாருங்கள். ஹெரால்டுக்கு 15 தௌ, அதாவது 0.38 மி.மீ.; மற்ற வண்டிகளுக்கு அதனதன் கையேட்டில் உள்ளபடி.

5. மே மாத மதியம், பனகல் பார்க் நெரிசலில் வண்டி நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஆறினால் தானாக ஸ்டார்ட் ஆகிறது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பெட்ரோல் சூட்டில் ஆவியாகி பம்ப்பும் பைப்பும் காற்றடைத்துப்போவது. இன்னொன்று, காயிலோ கண்டன்சரோ சூடானதும் கைவிடுவது. வண்டி நின்ற அந்த நிமிடமே சோதித்தால்தான் உண்மை தெரியும். ஆறிய பிறகு இரண்டும் நல்ல பிள்ளையாகிவிடும். காயில் வயரில் ஒரு உபரி பிளக்கை மாட்டி, கார்புரேட்டருக்கு எட்டத்தில் என்ஜின் உலோகத்தில் படவைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல நீலப்பொறி வந்தால் கரண்ட் பக்கம் குற்றமில்லை. பம்ப்பின்மேல் ஈரத்துணி போடுங்கள். பொறி வராவிட்டாலோ, மஞ்சளாக மினுக்கினாலோ காயிலையும் கண்டன்சரையும் பாருங்கள்.

6. சாந்தோம், பெசன்ட் நகர் வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உப்புக்காற்று எர்த் வயரைத் தின்றுவிடும். செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன், செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் உடம்புக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்புகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள்.

7. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் 2023 முதல் வரத் தொடங்கியது. பழைய ரப்பர் பைப்பும் பம்ப் டயாஃப்ராமும் அதற்காகச் செய்தவை அல்ல. ஊறி, வெடித்து, கசியும். எத்தனால் தாங்கும் ரப்பராகப் பார்த்து மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால் டேங்க்கில் உள்ளதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

8. அடுக்குமாடியின் கீழ்த்தள பார்க்கிங்கில் காற்றோட்டம் இல்லாமல் என்ஜினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

9. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் சாவியைத் திருகத்தான் கை போகும். திருகாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றுங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்; ஆயில் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பிளக் நான்கையும் எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். துளை வழியே தண்ணீர் வருவது நின்ற பிறகு, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் துடைத்துக் காயவைத்த பிறகுதான் செல்ஃப்.