கணக்குப் பெட்டிக்கு மதர்போர்டும் பிராசசரும்: பார்த்து வாங்குவது எப்படி?

நாள்வழியும் பேரேடும் எழுதிப் பீரோவில் பூட்டிய காலம் போய்விட்டது. இன்று நம் பில், கொள்முதல், பற்று வரவு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. ஒரு நாள் அது எழாமல் போனால், யார் எவ்வளவு பாக்கி என்ற விவரமும் அதோடு போய்விடும்.

சட்டமும் நம்மைச் சும்மா விடாது. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்குக்குக் கடைசி நாள் 31.12.2024. எனவே அந்தக் கணக்கு 31.12.2030 வரை நம்மிடம் இருந்தாக வேண்டும். மேல்முறையீடு நடந்தால் இன்னும் நீளலாம்.

ஆகவே பில் போடும் கம்ப்யூட்டர் கடையில் இருக்கட்டும். சேமிப்புக்கென்றே தனிப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும். இதைத்தான் ஸ்டோரேஜ் சர்வர் என்கிறார்கள். ஓரிக்கை பாலாற்றங்கரை ஊர். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் பெட்டியை மாடியில் வைப்பதே நல்லது.

பிராசசர்

சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் வேகமான, விலை கூடிய பிராசசர்களும் வரிசையாக வரும். நமக்கு அது தேவையில்லை. காரணம் எளிது. கடைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள ஜிகாபிட் கேபிளில் வினாடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் போகும். சாதாரண ஹார்டு டிஸ்க்கே அதைவிட வேகமாகத் தரும். பத்து ஆள் மூட்டை தூக்க நின்றாலும் கடை வாசல் ஒன்றுதானே?

கண்காணிப்புக் கேமராப் பதிவும் அப்படியே. ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால், நான்கு கேமராக்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 86 ஜிகாபைட் ஆகும். 4 டெராபைட் டிஸ்க்கில் ஏறத்தாழ 45 நாள் பதிவு நிற்கும். இதற்கு வேண்டியது இடம்; வேகம் அல்ல.

பார்க்க வேண்டியது மின்சாரச் செலவு. பெட்டி இரவு பகலாக ஓடும். 20 வாட் எடுத்தால் ஆண்டுக்கு 175 யூனிட். 80 வாட் எடுத்தால் 700 யூனிட். இந்த 525 யூனிட் வித்தியாசம் ஆண்டுதோறும் கைக்காசு. 2023-இல் வந்த இன்டெல் என்100 நான்கு கோர் கொண்டது. அதன் மின் அளவு 6 வாட். நம் வேலைக்கு அது போதும். ஆனால் அது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருவது. பழுதானால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மதர்போர்டு

1. ஹார்டு டிஸ்க் மாட்டும் சாட்டா முனை குறைந்தது இரண்டு வேண்டும். நான்கு இருந்தால் நல்லது. விலை குறைந்த சில போர்டுகளில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். சிலவற்றில் எம்.2 டிஸ்க் மாட்டினால் ஒரு சாட்டா முனை வேலை செய்யாது. கையேட்டைப் படித்துவிட்டுப் பணம் கொடுக்கவும்.

2. நெட்வொர்க் முனை ஜிகாபிட் வேகமாவது இருக்க வேண்டும்.

3. ராம் 8 ஜிகாபைட் போதும். பிழை திருத்தும் இ.சி.சி. ராம் வேண்டுவோர், போர்டு, பிராசசர் இரண்டும் அதை ஏற்குமா என்று கேட்டு வாங்கவும்.

4. மின்சாரம் போய் வந்ததும் தானே எழும் வசதி இருக்கிறதா என்று பார்க்கவும். யு.பி.எஸ். இல்லாமல் இந்தப் பெட்டியை ஓட்டவே கூடாது. எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் கணக்கு சிதையும்.

இரட்டை டிஸ்க்கும் தனிப் பிரதியும்

இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதச் செய்யலாம். ஒன்று பழுதானால் மற்றது காக்கும். ஆனால் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை வைரஸ் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அப்படி ஒன்று வந்தால் இரண்டு டிஸ்க்கிலும் பூட்டு விழும். ஆகவே வாரம் ஒருமுறை தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி, வேறு வீட்டில் வைக்க வேண்டும்.

எனவே செலவு வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் டிஸ்க்குகளும் தனிப் பிரதியும், அடுத்து யு.பி.எஸ்., பிறகு மதர்போர்டு, கடைசியில் பிராசசர். சரக்கு வாங்கும்போது நாம் சாக்கின் அழகையா பார்க்கிறோம்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிரதி எடுத்த டிஸ்க்கிலிருந்து பழைய பில் ஒன்றைத் திறந்து பார்க்கவும். திறந்தால்தான் அது பிரதி.