மலைநாட்டுக்கு ஒளி கேட்ட குரல்

நுழையும்முன்

ஒரு நிலப்பகுதியின் மழையும் ஆறும் ஈட்டித்தரும் செல்வம் எங்கே போய்ச் சேர வேண்டும்? தொலைவில் உள்ள நகரத்திற்கா? அந்நிலத்தில் வாழ்வோருக்கா? இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில், பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இவ்வினா எழுந்தது. வளர்ச்சித் திட்டம் ஒன்றைக் காக்க முனைந்த அமைச்சர், எதிர்ப்பை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஸ்காட்லாந்தின் வடபகுதி மலைகளும் ஏரிகளும் நிறைந்தது. அதனை ஹைலாண்ட்ஸ் என்பர். மேற்குக் கடலிலிருந்து எழும் ஈரக்காற்று மலைகளில் மோதி ஆண்டு முழுவதும் மழையைத் தருகிறது. நீர்வளத்துக்குக் குறைவில்லாத அந்நாட்டில் மக்கள்வளம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில், ஆட்டுப்பண்ணைகள் அமைப்பதற்காக நிலக்கிழார்கள் குடியானவர்களைத் தம் நிலங்களிலிருந்து வெளியேற்றினர். எஞ்சியோர் கடலோரங்களில் சிறு துண்டு நிலங்களைப் பயிரிட்டு வாழ்ந்தனர். பிழைப்புத் தேடி அவர்தம் பிள்ளைகள் கிளாஸ்கோ நகருக்கும் கடல் கடந்து கனடாவுக்கும் சென்றனர். 1943ஆம் ஆண்டளவில் அங்கிருந்த பண்ணைகளில் ஆறில் ஒன்றுக்குத்தான் மின்வசதி இருந்தது. சிறுநிலக் குடிகளிலோ நூற்றில் ஒன்றுக்கே இருந்தது.

அந்நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்கும் முயற்சி முன்னரும் நடந்ததுண்டு. தனியார் நிறுவனங்கள் சட்டமுன்வடிவுகளுடன் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டின. கலிடோனியத் திட்டம் 1936, 1937, 1938 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தோற்றது. அஃப்ரிக் பள்ளத்தாக்குத் திட்டம் 1941இல் மறுக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் ஒரே நோக்கம் உடையவர்கள் அல்லர். சிலர் மலையழகு கெடும் என்றனர். சிலர் ஆறுகளில் ஏறிவரும் சால்மன் மீன்கள் அழியும் என்றனர். நிலக்கரித் தொழிலின் நலன் கருதியோரும் இருந்தனர். நம் நீரை எடுத்து எவரோ பொருள் ஈட்டுவதா என்று கேட்ட மலைநாட்டாரும் இருந்தனர். இவற்றுள் கடைசிக் கேள்வியே வலிமையானது. ஏனெனில், முந்தைய திட்டங்கள் எவற்றிலும் அதற்கு விடை இல்லை.

இச்சூழலில் ஸ்காட்லாந்துத் துறை அமைச்சராக இருந்தவர் தாமஸ் ஜான்ஸ்டன். 1881இல் பிறந்த இவர் இதழாளர். ‘ஃபார்வர்டு’ என்னும் வார இதழைத் தொடங்கி நடத்தியவர். நிலக்கிழார் குடும்பங்கள் தம் நிலங்களை எவ்வழியில் அடைந்தன என்பதைச் சாடி இளமையில் நூல் எழுதியவர். தொழிற்கட்சிக்காரரான அவர், சர்ச்சிலின் கூட்டணி அமைச்சரவையில் 1941 பிப்ரவரியில் பொறுப்பேற்றார். நேற்றுவரை தாம் சாடிய தரப்பினரின் இசைவும் இன்று தேவைப்பட்டது. இதனை அவர் உணர்ந்து நடந்தார். தமக்குமுன் அப்பதவியில் இருந்தவர்களைக் கட்சி வேறுபாடு பாராமல் ஓர் ஆலோசனை அவையாகக் கூட்டினார். நீர்மின் திட்டங்களை ஆராய ஒரு குழுவை அமைத்து, மாற்றுக்கட்சியில் இருந்து நீதிபதியான கூப்பரை அதன் தலைவராக்கினார். 1942 டிசம்பரில் அக்குழு அறிக்கை அளித்தது. எதிர்க்கட்சி எழுப்பக்கூடிய ஐயத்தை எதிர்க்கட்சியிலிருந்து வந்தவரைக் கொண்டே ஆராயச் செய்தமை அரசியல் நுட்பம் மட்டுமன்று. பின்னாளில் அவையில் எழும் வாதத்தில் பாதியை முன்னரே முடித்துவைத்த செயலுமாகும்.

1943 பிப்ரவரியில் நீர்மின் வளர்ச்சிச் சட்டமுன்வடிவு மக்களவையில் இரண்டாம் வாசிப்புக்கு வந்தது. லாபம் கருதும் நிறுவனத்துக்கு மாறாக, வட ஸ்காட்லாந்து நீர்மின் வாரியம் என்னும் பொது அமைப்பை நிறுவுவதே அதன் அடிப்படை. வாரியம் 3 கோடி பவுண்டு வரை கடன் பெறலாம். அதற்கு அரசுக் கருவூலம் பிணை நிற்கும்.

இங்கு ஒரு கணக்கை நாம் புரிந்துகொள்ள வேண்டும். பத்து வீடுகள் உள்ள ஒரு மலைச்சிற்றூருக்குப் பல கல் தொலைவு மின்கம்பங்கள் நட்டுக் கம்பி இழுத்தால், அச்செலவு அவ்வீடுகள் செலுத்தும் கட்டணத்தால் ஒருநாளும் ஈடாகாது. வணிகக் கணக்குப் பார்ப்பவர் அவ்வூருக்குச் செல்லவே மாட்டார். ஜான்ஸ்டனின் திட்டம் இக்கணக்கை மறுக்கவில்லை. அதனை வேறிடத்தில் நேர்செய்தது. மலைநாட்டின் நீரில் எடுக்கும் மின்சாரத்தில் மிகுதியைத் தெற்கிலுள்ள தொழில் நகரங்களுக்கு விற்பது. அவ்வருவாயைக்கொண்டு தொலைவூர்களுக்கு நட்டத்தில் மின்சாரம் வழங்குவது. இதனை நல்லெண்ணத்தின் பொறுப்பில் விட்டுவிடவும் இல்லை. வட ஸ்காட்லாந்தின் பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக மேம்பாட்டுக்கும் இயன்றவரை துணைநிற்பது வாரியத்தின் கடமை எனச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. நம் நீரால் நமக்கு என்ன பயன் என்ற மலைநாட்டாரின் கேள்விக்கு நாடாளுமன்றம் அளித்த விடை இப்பிரிவுதான்.

ஏனைய எதிர்ப்புகளையும் அவர் எள்ளி ஒதுக்கவில்லை. நிலவனப்பைக் காக்க ஒரு குழுவும் மீன்வளத்தைக் காக்க ஒரு குழுவும் சட்டப்படி அமைந்தன. ஒவ்வொரு திட்டமும் மக்கள் அறிய வெளியிடப்பட வேண்டும். மறுப்புத் தெரிவிப்போர் இருப்பின் விசாரணை நடத்தலாம். பின்னர்த் திட்டம் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். இத்தனை தடைகளைத் தாமே ஏற்பது வேலையைத் தாமதப்படுத்தும் என்பது உண்மையே. எனினும், எதிர்த்தவரின் அச்சத்தில் நியாயமான பகுதியைப் பிரித்தெடுத்துச் சட்டத்துள் வைத்துவிட்டால், அவையில் எஞ்சுவது தன்னல வாதம் மட்டுமே. அதனை வெல்வது எளிது. 1943 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது.

தெரிந்து தெளிவோம்

சால்மன் மீன் நன்னீரில் பிறந்து கடலுக்குச் சென்று வளரும். முட்டையிட மீண்டும் ஆற்றை எதிர்த்து ஏறிவரும். அணை அதன் வழியை மறித்துவிடும். ஆகவே, பிட்லாக்ரி அணையின் பக்கத்தில் 34 தொட்டிகளைப் படிபோல் அடுக்கி ‘மீன் ஏணி’ அமைத்தனர். மீன்கள் தொட்டிக்குத் தொட்டி ஏறி மேலுள்ள நீர்த்தேக்கத்தை அடைகின்றன.

சட்டம் வந்தபின்னும் எதிர்ப்பு ஓயவில்லை. அணை வந்தால் சுற்றுலாப் பயணியர் வரமாட்டார்கள் என்று பிட்லாக்ரி ஊரார் அஞ்சினர். இன்று அவ்வணையையும் மீன் ஏணியையும் காண்பதற்கென்றே பயணியர் அவ்வூருக்கு வருகின்றனர். ஆயினும் எதிர்பார்த்தவை யாவும் நிறைவேறிவிட்டதாகக் கூற இயலாது. மலிவான மின்சாரம் கிடைத்தால் பெருந்தொழில்கள் மலைநாட்டைத் தேடிவரும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்தது. விளக்கு எரிந்த சிற்றூர்களிலிருந்தும் இளைஞர் வெளியேறினர். மின்சாரம் வாழ்வை எளிதாக்கிற்று. வேலையைத் தானாகக் கொண்டுவந்து தரவில்லை.

அமைச்சர் பதவியிலிருந்து விலகிய ஜான்ஸ்டன், 1946 முதல் 1959 வரை அவ்வாரியத்தின் தலைவராகப் பணியாற்றினார். அவையில் தாம் வாதாடிப் பெற்ற கடமையைத் தாமே நிறைவேற்ற வேண்டியவரானார். கிளாஸ்கோவுக்கு அண்மையிலுள்ள ஸ்லாய் நிலையம் 1950இல் திறக்கப்பட்டது. தெற்குக்கு மின்சாரம் விற்றுப் பொருள் ஈட்டித் தருவது அதன் பணி. அதற்கும் முன்னதாக, 1948 டிசம்பரில், மேற்குக் கரையோரச் சிற்றூர்களுக்கான மொரார், லாக்கால்ஷ் என்னும் சிறு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அவற்றின் தொடக்கவிழாவில் மின்னோட்டத்தைத் தொடங்கிவைத்தவர் அரச குடும்பத்தினரோ அமைச்சரோ அல்லர். அப்பகுதியில் சிறுநிலம் பயிரிட்டு வாழ்ந்த ஒரு பெண்மணி.