சேஸிஸில் விரிசல்

கேள்வி: என் பழைய மகிந்திரா ஜீப் பிக்கப்பின் சேஸிஸ், பின் பட்டை அருகே வெடித்திருக்கிறது. முழுக்கப் பெட்டிபோல அடைத்துப் பலப்படுத்தலாமா?
– வாசகர், கேளம்பாக்கம்

பதில்: முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் இரும்பு உயிரோடு இருக்கிறது. 'தொப்' என்றால் துரு தின்றுவிட்டது. உப்பளமும் கழிமுகமும் சூழ்ந்த ஊர் உங்களுடையது, ஆச்சரியமில்லை.

விரிசல் முடியும் இடத்தில் சிறு துளை போடச் சொல்லுங்கள். விரிசல் மேலும் ஓடாது. பிறகு விரிசலை 'வி' வடிவில் அரைத்து வெல்டிங், அதன்மேல் சேஸிஸ் கனத்திலேயே ஒரு தகடு. தகட்டின் முனைகள் சாய்வாக இருக்கட்டும். நேர்செங்குத்தாக வெட்டி ஒட்டினால் அந்த ஓரத்திலேயே அடுத்த வெடிப்பு. கனமான தகடுதான் பலம் என்பார் பட்டறைக்காரர், நம்பாதீர்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்ற மறக்க வேண்டாம்.

முழுக்க அடைப்பது எனக்கு உடன்பாடில்லை. மேடு பள்ளத்தில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளத்தான் அந்தத் திறந்த 'சி' சேனல். அடைத்தால் உள்ளே தண்ணீரும் தேங்கும்.

சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் தொடவே வேண்டாம். நீளத்தைக் கூட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.