கம்ப்யூட்டர் ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது?



சென்ற மாதச் சுவரிதழில் தாய்ப்பலகையின் பாகங்களைப் படம் போட்டு எழுதியிருந்தார்கள். படம் அழகாக இருந்தது. ஆனால் அந்தப் பாகங்களை எல்லாம் நாமே வாங்கிப் பூட்டி, பொத்தானை அழுத்தி, ஒன்றுமே நடக்காவிட்டால் என்ன செய்வது? அதை இந்த இதழில் நான் எழுதுகிறேன். புத்தகத்தில் படித்ததை விட எங்கள் வீட்டு முன்னறையில் படித்ததுதான் இதில் அதிகம்.

எங்கள் அக்கா கல்லூரியில் கடைசி வருடம். புராஜெக்டுக்கு சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா தையல் காசில் கட்டி வந்த சீட்டை ஆடி மாதம் எடுத்து, 17,400 ரூபாயை அக்கா கையில் கொடுத்தாங்க. கடையில் முழுசாக வாங்க அது போதாது. அதனால் அக்கா மதர்போர்டும் ப்ராசசரும் பழையதாகவும், ரேம், எஸ்.எஸ்.டி, எஸ்.எம்.பி.எஸ் மூன்றும் புதிதாகவும் வாங்கினாள். கேபினட் மட்டும் மாமா ஆபீசில் தூக்கிப்போட்ட பழைய டப்பா, இலவசம். (இந்த இலவசத்தை ஞாபகம் வையுங்கள்.)

ஞாயிறு சாயங்காலம் பூட்டி முடித்தோம். அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த குங்குமத்தை எடுத்து கேபினட்டில் வைத்தாங்க. அக்கா பொத்தானை அழுத்தினாள். காத்தாடி அரைச் சுற்று சுற்றியது, நின்றது. அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. பின்பக்க சுவிட்சை அணைத்து ஒரு நிமிஷம் விட்டுப் போட்டால், மறுபடி அரைச் சுற்று.

"ஏட்டி, நீ எதையோ மாத்திச் சொருகிட்ட" என்றாள் அக்கா. "நான் எதையும் தொடல, நீதான் சொருகின" என்றேன் நான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டாங்க. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் மூடியைக் கழற்றி, இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சும்மா. வேற போடணும்னா ஆறாயிரம் ஆகும்" என்றார். ஆறாயிரத்துக்கு நாங்கள் எங்கே போவது? திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தோம். புராஜெக்ட் ரிவ்யூவுக்குப் பத்து நாள் இருந்தது.

இனி பாடத்துக்கு வருகிறேன்.

பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியலில் பூட்டிங் பற்றி ஒரு சின்னப் பகுதி வரும். தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுவோம். கணினி எழாமல் போகிற அன்றுதான் அதன் அருமை தெரியும். ப்ராசசர் என்பது நினைவகத்தில் இருக்கும் கட்டளையை எடுத்துச் செய்யும் பொருள். ஆனால் மின்சாரம் வந்த நொடியில் ரேம் வெறும் காலி. கட்டளை ரேமில் இருந்தால்தான் வேலை நடக்கும், கட்டளையை ரேமில் கொண்டுவந்து போடுவதே ஒரு வேலை. அப்போ முதல் கட்டளை எங்கிருந்து வரும்? மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சில்லிலிருந்து வருகிறது. அதிலுள்ள நிரலுக்குத்தான் பயாஸ் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் கேரி கில்டால் என்ற அமெரிக்கர், 1970-களில் தாம் எழுதிய சிபி/எம் என்ற இயங்குதளத்தில். 1978-ல் வந்த 8086 ப்ராசசர், உயிர் வந்தவுடன் 1 மெகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் முன்னால் இருக்கும் முகவரிக்குத்தான் முதலில் போகும். அங்கே பயாஸ் காத்திருக்கும். இப்போது யூஈஎஃப்ஐ என்று புதுசு வந்துவிட்டாலும் நாம் எல்லோரும் இன்னும் பயாஸ் என்றே சொல்கிறோம்.

அதற்கும் முன்னால் ஒன்று நடக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்-இலிருந்து வரும் 24 முனை இணைப்பில் பச்சை வயரும் சாம்பல் வயரும் இருக்கும். பொத்தானை அழுத்தினால் மதர்போர்டு பச்சை வயரைப் பூமியோடு, அதாவது கறுப்பு வயரோடு சேர்க்கிறது. உடனே எஸ்.எம்.பி.எஸ் விழித்துக்கொண்டு மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட், ஆரஞ்சில் 3.3 வோல்ட் அனுப்பும். எல்லா வோல்ட்டும் நிலையாக நின்ற பிறகு சாம்பல் வயரில் 'எல்லாம் சரி' என்று ஒரு சைகை. அந்தச் சைகை வந்தால்தான் ப்ராசசர் வேலையைத் தொடங்கும். எங்காவது ஷார்ட் இருந்தால் எஸ்.எம்.பி.எஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடனே அணைந்துவிடும். (இப்போது பல எஸ்.எம்.பி.எஸ்-களில் எல்லா வயரும் கறுப்பாகவே வருகிறது. அப்போது நிறத்தை நம்ப முடியாது, முனை எண்ணைப் பார்க்க வேண்டும். பச்சை என்பது 16-வது முனை.)

காத்தாடி அரைச் சுற்று சுற்றி நின்றது ஏன் என்று இப்போது ஊகிக்க முடிகிறதா? எங்களுக்கு அன்றைக்கு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "ஒண்ணும் மாத்தாதீங்க. ஒவ்வொண்ணா கழட்டுங்க" என்றார். பிழை கண்டுபிடிப்பது என்றால் சேர்ப்பது இல்லை, குறைப்பது என்று அப்போதுதான் விளங்கியது. எஸ்.எஸ்.டி, கீபோர்டு, மவுஸ், முன்பக்க யூஎஸ்பி வயர் எல்லாம் கழற்றிவிட்டு ப்ராசசர், அதன் ஹீட் சிங்க், ஒரே ஒரு ரேம், இவ்வளவுதான் மிச்சம். ஹீட் சிங்கைக் கழற்றிவிட்டு மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள், ப்ராசசர் நொடியில் சூடாகிவிடும்.

அப்படியும் அதே அரைச் சுற்று.

அடுத்து ப்ராசசருக்குத் தனியாகப் போகும் 12 வோல்ட் இணைப்பைப் பார்த்தோம். 4 முனை அல்லது 8 முனையில், பலகையின் மேல் மூலையில் இருக்கும். முதல்முறை பூட்டுகிற நிறையப் பேர் 24 முனையைச் சொருகிவிட்டு இதை மறந்துவிடுவார்கள் என்று சார் சொன்னார். நாங்கள் மறக்கவில்லை. பொத்தானே கெட்டிருக்குமோ என்று பார்க்க, கேபினட் பொத்தானின் வயரைக் கழற்றிவிட்டு, பலகையில் அதற்கான இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டோம். அதுவும் அரைச் சுற்றுதான். பொத்தான் நல்ல பொத்தான்.

எஸ்.எம்.பி.எஸ்-ஐ ஆய்வகத்தில் சார் முன்னால் சோதித்தோம். இணைப்புகள் எல்லாவற்றையும் கழற்றி, ஒரு கேபினட் காத்தாடியை மட்டும் மாட்டி, பச்சை முனையையும் கறுப்பு முனையையும் ஒரு துண்டு வயரால் சார் இணைத்தார். காத்தாடி ஓடியது. மல்டிமீட்டரில் 12.1 என்றும் 5.0 என்றும் காட்டியது. ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். 12 வோல்ட் என்றால் 11.4-லிருந்து 12.6 வரை சரி. ஆனால் இதில் தேறியதாலேயே எஸ்.எம்.பி.எஸ் நல்லது என்று முழுசாகச் சொல்ல முடியாது, பாரம் ஏறும்போது தொய்யலாம். இதை வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம் நண்பர்களே. அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். நம் வீட்டு 230 வோல்ட் என்பது ஆர்.எம்.எஸ் அளவுதான், உச்சம் 325 வோல்ட் வரை போகும் என்று இயற்பியலில் படிக்கிறோம் இல்லையா? உள்ளே இருக்கும் மின்தேக்கி அந்த உச்சத்துக்கு நிரம்பி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அப்படியே வைத்திருக்கும்.

கடைசியாக சார் சொன்னதுதான் கதையைத் திருப்பியது. "போர்டை கேபினட்ல இருந்து வெளிய எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல வெச்சு ஓட்டிப் பாருங்க."

அன்று ராத்திரி முன்னறையில் பாய் விரித்து, அட்டைப்பெட்டி மேல் பலகையை வைத்தோம். அதற்கு முன் இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டோம், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போவதற்கு. ஸ்க்ரூ டிரைவரால் தொட்டாள் அக்கா. காத்தாடி சுற்றியது. நிற்கவில்லை! சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாங்க. "ஓடுதா?" "காத்து மட்டும் வருதும்மா" என்றாள் அக்கா.

அதே பலகை, அதே எஸ்.எம்.பி.எஸ், அதே ரேம். வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை. அப்போ குற்றம் கேபினட்டில்தானே? டார்ச் அடித்துப் பார்த்தோம். கேபினட்டின் உள்தகட்டில் பித்தளை ஸ்டட்கள் இருக்கும், அவற்றின் மேல்தான் பலகை உட்காரும். பலகையின் துளைகளைச் சுற்றி ஒரு உலோக வளையம் உண்டு, அது பூமி இணைப்பு. அங்கே ஸ்டட் பட்டால் தப்பில்லை. மாமா ஆபீசில் அந்தக் கேபினட்டில் இருந்தது மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சின்னப் பலகை, அதிகபட்சம் 24.4 செ.மீ. சதுரம். எங்களுடையது முழு ஏடிஎக்ஸ், நீளம் 30.5 செ.மீ. புதிய துளைகளுக்கு வேண்டிய ஸ்டட்களை அக்கா கீழ்வரிசையில் முறுக்கினாள். பழைய பலகையின் கீழ்வரிசை ஸ்டட்களைக் கழற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவை புதுப் பலகையின் நடு வயிற்றில், துளையே இல்லாத இடத்தில், பற்றவைத்த முனைகளை முட்டிக்கொண்டு நின்றன. பலகையைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் சின்னதாக ஒரு கீறல் தடம். மின்சாரம் நேரே கேபினட் வழியாகப் பூமிக்குப் போயிருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ் அணைந்து அணைந்து எல்லாரையும் காப்பாற்றியிருக்கிறது.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பலகையை வெளியே எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆறாயிரம் கையில் இருந்திருந்தால் கொடுத்திருப்போம். புதுப் பலகையும் அதே ஸ்டட் மேல்தான் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

காத்தாடி ஓடினாலும் திரையில் ஒன்றும் வரவில்லை. இது இரண்டாவது நோய். மறுநாள் ஆய்வகத்துப் பழைய கணினியிலிருந்து ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கி வந்து பலகையில் மாட்டினேன். பயாஸ் முதலில் செய்வது 'போஸ்ட்' என்ற சுயபரிசோதனை. திரை வருவதற்கு முன்பே கோளாறு என்றால் அது பேசுவதற்கு இருக்கும் வாய் இந்த பீப் சத்தம்தான். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது பலகைக்குப் பலகை மாறும், அதன் கையேட்டைப் பார்க்க வேண்டும். ரேமை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஓட்டினோம். பீப், பீப் என்று கத்தியது. அக்கா கைதட்டினாள்! கத்துகிறது என்றால் ப்ராசசரும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். பிறகு ரேமைச் சொருகி ஓட்டினோம். அதே கத்தல். அதாவது ரேம் இருப்பதே பலகைக்குத் தெரியவில்லை. கழற்றி, தங்க நிற முனைகளை சுத்தமான ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு, அழுத்தினேன். ஒரு பக்கம் 'டக்' என்றது. மறுபக்கம் சத்தமே இல்லை. பலகை உடைந்துவிடுமோ என்று பயந்து நாங்கள் முதலில் பாதிதான் அழுத்தியிருக்கிறோம். இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் அந்தப் பக்கமும் 'டக்'. ஓட்டினோம். ஒரே ஒரு சின்ன பீப். திரையில் எழுத்து வந்தது.

ரேம் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே இருந்தால் வேறு சிலவற்றைப் பாருங்கள். சில ப்ராசசர்களில் படம் காட்டும் பகுதியே கிடையாது. இன்டெலில் பெயர் 'எஃப்' என்று முடிவது, ஏஎம்டியில் ரைசன் 5600 போன்றவை. இவற்றுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரை வராது. கார்டு இருந்தால் மானிட்டர் வயரைக் கார்டில்தான் சொருக வேண்டும். 2017 வாக்கில் வந்த ஏஎம்4 பலகைகளில் 2020-ல் வந்த ரைசன் 5000 வகையை மாட்டினால், பயாஸைப் புதுப்பிக்கும் வரை அது ப்ராசசரை அடையாளமே காணாது. டிடிஆர்5 ரேம் போட்ட புதுக் கணினியோ முதல் தடவை ரேமைப் பழகிக்கொள்ளவே சில நிமிடம் எடுக்கும், பொறுமை வேண்டும். பயாஸ் அமைப்பு குழம்பியிருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பலகையில் உள்ள பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டலாம். அதன் எண் சிஆர்2032. 20 என்றால் 20 மி.மீ. விட்டம், 32 என்றால் 3.2 மி.மீ. தடிமன். இது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

வேண்டாத ஸ்டட்களைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் மறுபடி பூட்டினோம். பொத்தானை இந்தத் தடவை அம்மாவை அழுத்தச் சொன்னோம். பூட் செய்ய எந்தக் கருவியும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அக்கா சிரித்தாள். "ஏட்டி, எஸ்.எஸ்.டி புதுசு. அதுல நாம இன்னும் ஒண்ணுமே போடலயே!" பென் டிரைவிலிருந்து உபுண்டு ஏற்றி முடிக்கும்போது மணி பதினொன்று.

ரிவ்யூவுக்கு ஆறு நாள் மிச்சம் இருந்தது. அக்கா முடித்துவிட்டாள்.

கழற்றிய ஸ்டட்களில் ஒன்றை ஆய்வகத்தில் முதல் மேசை டிராயரில் போட்டிருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் சாரிடம் கேட்டு எடுத்துப் பார்க்கலாம். குட்டி ஸ்பீக்கரையும் திருப்பி வைத்துவிட்டேன் சார்.

– 12-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி