ஆட்சிக்குப் புள்ளி போட எந்த அளவுகோல்?

ஊழல் சுட்டெண்ணில் இலங்கை 2024இல் நூற்றுக்கு 32 புள்ளிதான் எடுத்தது. மனித அபிவிருத்திச் சுட்டெண்ணிலோ 'உயர்' வகுப்பில் நிற்கிறது. இரண்டும் பேசுவது ஒரே நாட்டைப் பற்றித்தான். நீங்கள் எதை அறிய விரும்புகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

அயல் நாடுகளோடு ஒப்பிட வேண்டுமானால் ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனலின் ஊழல் சுட்டெண் உதவும். ஆனால் அது கைமாறிய லஞ்சத்தை எண்ணுவதில்லை; அரச துறை பற்றி நிபுணர்களும் வர்த்தகர்களும் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தைத்தான் திரட்டுகிறது. ஒரு புள்ளி கூடினால் வெடி கொளுத்த வேண்டாம்.

மனித அபிவிருத்திச் சுட்டெண் ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதால் மெல்லத்தான் அசையும். கடன் கட்ட முடியாதென்று அரசு கைவிரித்த 2022ஆம் ஆண்டுக்கு ஐ.நா. அறிக்கை நமக்குக் கொடுத்தது 0.780. முந்தைய அறிக்கையில் 2021க்கு 0.782. பெற்றோல் வரிசையில் இரவு கழித்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் பல தசாப்தங்களாகச் சேர்த்துவைத்த புள்ளி அது; இருக்கும் அமைச்சரவை அதில் பங்கு கேட்கக் கூடாது.

நடப்பு ஆட்சியை உரசிப் பார்க்கக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் மேல். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், அடுத்த செப்டெம்பரில் 1.3. இதை நம்பி வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனால் ஏமாற்றம்தான். ஏறிய விலை இறங்கவில்லை, ஏறும் வேகம்தான் தணிந்தது.

கொட்டாஞ்சேனையில் உங்கள் ஒழுங்கைக் கான் அடைத்துக் கிடப்பது இவை எதிலும் தெரியாது. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை கொஞ்சம் கிட்ட வரும். ஆனால் அது முடிந்துபோன ஆண்டின் கதை. என் தெரிவு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். மாநகர சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. “ஏன் துப்புரவாக்கவில்லை?” என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். “இந்த வீதிக் கானுக்கு இவ்வாண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், வேலைப் பதிவின் பிரதி தாருங்கள்” என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்த கையோடு ஏற்புச் சீட்டை வாங்கிவிடுங்கள். மேன்முறையீட்டில் அது கைகொடுக்கும்.