நுண்மியைப் பெருக்கிக் காட்டும் சோதனை

2020 மே 10 அன்று மாலத்தீவிலிருந்து 698 இந்தியரை ஏற்றிய 'ஜலாஷ்வா' கடற்படைக் கப்பல், கொச்சி வில்லிங்டன் தீவிலுள்ள துறைமுகத்தை அடைந்தது. தமிழகத்தாரும் அதில் இருந்தனர். கரையிறங்கியோர் தனிமைப்படுத்தப்பட்டனர். ஒரு சோதனை செய்து, தொற்று இல்லையெனில் உடனே விட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். சோதனை நடைபெறும் முறையை அறிந்தால் அந்த ஐயம் நீங்கும்.

கொரோனா நுண்மியின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியில் அது மிகச் சிறிதளவே இருக்கும். ஆய்வகத்தில் ஒரு நொதி அதனை டி.என்.ஏ.வாக மாற்றுகிறது. பின்னர், பி.சி.ஆர். கருவியில் மாதிரி மாறி மாறிச் சூடேறிக் குளிர, அந்நுண்மிக்கே உரிய பகுதி மட்டும் படியெடுக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் படிகள் ஏறத்தாழ இரட்டிக்கும். கூட்டு வட்டி அறிந்த நம் வாடிக்கையாளர்களுக்கு இது புதிதன்று: ஒன்றாகத் தொடங்குவது 30 சுற்றுகளில் 100 கோடியைத் தாண்டிவிடும். படிகள் பெருகும்போது எழும் ஒளியைக் கருவி பதிவு செய்கிறது. குறைந்த சுற்றுகளிலேயே ஒளி தென்பட்டால், மாதிரியில் நுண்மி மிகுதி.

முதலே இல்லாத கணக்கில் வட்டி ஏறாதல்லவா? தொற்றிய முதல் ஓரிரு நாள்களில் மாதிரியில் நுண்மி சிக்காமற்போகலாம். முடிவு 'இல்லை' என்றே வரும். நோய் வெளிப்பட 14 நாள்கள் வரை ஆகலாம். மாறாக, குணமடைந்தவரிடம் எஞ்சிய உயிரற்ற துணுக்குகளும் சில வாரங்கள் 'உண்டு' என்று காட்டக்கூடும்.