செய்மதித் தொலைபேசியைத் தெரிவுசெய்தல்: கடற்றொழிலாளர் சங்கங்களுக்கான பாடம்

2017 நவம்பர் 30ஆந் திகதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியது. தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் மீனவர் பலர் எச்சரிக்கை வெளிவருமுன்னரே நெடுந்தூரம் சென்றிருந்தனர். படகிலிருந்த வீ.எச்.எப். வானொலிக்குக் கரை எட்டவில்லை. தமிழக, கேரளக் கரைகளில் நூற்றுக்கணக்கானோர் இறந்தும் காணாமலும் போயினர். 2020 டிசம்பர் 2ஆந் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை நாமும் மறக்கவில்லை. எனவே "சங்கத்துக்கு ஒரு செய்மதித் தொலைபேசி வாங்கினால் என்ன?" என்று கேட்பது நியாயமே. ஆயினும் பலருடைய சேமிப்பைச் செலவிடுமுன் ஐந்து கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

1. யாருக்குத் தேவை?

நிலாவெளியிலும் சாம்பல்தீவிலும் மாலையில் வலைபோட்டு விடியற்காலையில் திரும்பும் படகுகளுக்குக் கைத்தொலைபேசியும், 16ஆம் அலைவரிசையைக் கேட்கும் வீ.எச்.எப். வானொலியும் பெரும்பாலும் போதும். ஆனால் சிறு படகுகளுக்கிடையே வீ.எச்.எப். ஏறக்குறைய 10 கடல் மைலுக்கே எட்டும். கொட்பேயிலிருந்து பல நாட்களுக்குப் புறப்படும் கலங்களின் நிலை வேறு. அத்தகைய கலங்களில் உள்ள கண்காணிப்புக் கருவி செய்மதி வழியே இருப்பிடத்தை அறிவிக்கும். அது பேசுவதற்கான தொலைபேசி அன்று. வெள்ளத்தில் பாதை துண்டிக்கப்படும் வெருகல் போன்ற இடங்களின் நிவாரண நிலையங்களுக்கும் இத்தேவை உண்டு.

2. எந்தச் செய்மதி?

கருவியை வாங்கும்போது ஒரு நிறுவனத்தின் செய்மதிகளையும் சேர்த்தே தெரிவுசெய்கிறோம். இரிடியம் நிறுவனத்தின் 66 செய்மதிகள் ஏறக்குறைய 780 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றி உலகெங்கும் சேவை தருகின்றன. இன்மார்சற், துரையா ஆகியவற்றின் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பவைபோல் இருப்பவை. அவற்றில் பேசும்போது குரல் சற்றுத் தாமதித்தே சேரும். ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசப் பழக வேண்டும். 2024 ஏப்ரலில் துரையா-3 செய்மதி பழுதடைந்தபோது, அவுஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் நல்ல நிலையிலிருந்த கருவிகளும் பயனற்றுப் போயின. ஆதலால் "எமது கடலில் இன்று வேலை செய்கிறதா?" என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லால் அன்றி, கடலில் வைத்துப் பேசிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

3. சட்டம் என்ன சொல்கிறது?

வாங்குமுன் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி பற்றி எழுத்தில் கேட்டறியுங்கள். வெளிநாட்டு உறவினர் பெட்டியில் வைத்து அனுப்பும் கருவி அன்பளிப்பாயினும் ஆபத்தாகலாம். இந்தியாவில் அனுமதியின்றித் துரையா, இரிடியம் கருவிகளை வைத்திருப்பது குற்றம். எல்லை தாண்டிய படகில் அத்தகைய கருவி அகப்பட்டால், மீன்பிடி வழக்கு பாதுகாப்பு வழக்காகவும் மாறக்கூடும். யுத்த காலச் சோதனைகளைக் கண்ட எம் மக்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

4. வாங்கியபின் செலவு எவ்வளவு?

கருவியின் விலை தொடக்கமே. மாதக் கட்டணம், நிமிடக் கட்டணம், முற்கொடுப்பனவு அட்டையின் காலாவதித் திகதி, மாற்று மின்கலத்தின் விலை ஆகியவற்றை ஓராண்டுக்குக் கணக்கிடுங்கள். கரையிலிருந்து செய்மதி எண்ணுக்கு அழைப்பதும் மிகுந்த செலவாகும். ஆகவே கலம் அழைக்க, கரை கேட்பதே முறையாக இருக்கட்டும். உப்புநீர் புகாத உறையும், கலத்தில் மின்னேற்றும் வசதியும் கட்டாயம். கூரைக்குக் கீழே தொடர்பு கிடைக்காது. திறந்த வானத்தின் கீழ் நின்றே பேச வேண்டும்.

5. கரையில் யார் எடுப்பார்?

இதுவே முதன்மையான கேள்வி. நள்ளிரவில் அழைப்பு வந்தால் எடுப்பதற்கு ஒருவர் இல்லையெனில், விலையுயர்ந்த கருவியும் வெறும் பெட்டியே. சங்கம் இருவரை முறைவைத்து நியமித்து, அவர்களது எண்களைக் கருவியிலும் கலத்தின் பலகையிலும் எழுதி வைக்கட்டும். உள்ளூர்க் குறுகிய எண்களை நம்ப வேண்டாம். திருகோணமலை நிலையத் தொலைபேசியை 026 என்றல்ல, +94 26 என்று தொடங்கியே அழைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். படகின் இருப்பிடம், ஆட்களின் தொகை, ஆபத்தின் தன்மை ஆகிய மூன்றையும் ஒரு நிமிடத்தில் சொல்ல எல்லோரும் பழகட்டும்.

பணம் போதாதெனில் முதலில் வீ.எச்.எப். வானொலிகளையும் உயிர்காப்பு அங்கிகளையும் வாங்குவதே விவேகம். கடலுக்குப் போகும் ஒவ்வொருவரும் வீடு திரும்புவதே எமது நோக்கம்; கருவி அதற்கான ஊழியன் மட்டுமே.

குழுவாகக் கலந்துரையாட:

அ. எமது கலங்களுள் எவை கைத்தொலைபேசிக் கோபுரங்களின் எல்லைக்கு அப்பால் செல்கின்றன?

ஆ. ஒரே கருவி இருப்பின், எக்கலத்துக்கு எப்போது கொடுப்பது? தீர்மானிப்பவர் யார்?

இ. மாரி காலத்தில் இரவு அழைப்புக்குப் பொறுப்பேற்க யார் முன்வருவர்?